காகம் எடுக்கும் வரை

வா ராசா, வா, ஒரு வாய் எடு, ஒரே ஒரு வாய், உனக்கென்ன குறைஞ்சுபோகும், இந்தப் பெரிய கனடாவிலை வேறை ஆர் உனக்கு வாழையிலையிலை சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைக்கப்போகினம், லைட் போஸ்ட்டுக்கு மேலை குந்திக்கொண்டு கழுத்தை அங்காலையும் இங்காலையும் திருப்பிறாய், கண்டிட்டாய், எனக்குத் தெரியும் நீ கண்டிட்டாய், இறங்கி வாறதுக்கு என்ன வெத்திலை பாக்கு வைச்சுக் கூப்பிடவேணுமோ. நான் குசினிக் கண்ணாடிக் கதவடியிலை மாமியின்ர தோளுக்கு மேலாலை எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கிறன். சிரிப்பும் வருது, பயமும் வருது, துள்ளவேணும் போலையும் கிடக்கு, ஏனெண்டால் காலமை தொடங்கி வானத்திலை ஒரு கறுப்புப் புள்ளிகூட இல்லாமல் இருந்து இப்பதான் முதல்முதலா ஒண்டு வந்திருக்கு. "மாமி, வந்திட்டுது, அங்கை பாருங்கோ, போஸ்ட்டிலை." மாமி கண்ணைச் சுருக்கிப் பாக்கிறா. "அது காகமோ, இல்லாட்டில் வயரிலை தொங்குற பையோ?" "அசையுது மாமி." "பையும் காத்துக்கு அசையும்." இந்த மனுசிக்கு எந்த நேரத்திலையும் வாய் குறையாது. ஆனால் கதவுப் பிடியிலை இருக்கிற கை நடுங்குது. குளிருக்கில்லை, வீட்டுக்குள்ளை ஹீற்றர் பொரியுது. சீனி வருத்தத்துக்கு ஊசி போட்டுப்போட்டா. ஊசி போட்ட மனுசி சாப்பிடவேணும், காகம் எடுக்காமல் சாப்பிடமாட்டா. அதுதான் இப்ப விசயம், அதுக்காகத்தான் நான் ஒரு காகத்தைப் பாத்து ராசா எண்டு கெஞ்சிக்கொண்டு நிக்கிறன்.

இண்டைக்கு மாமாவின்ர ஆண்டுத் திவசம். என்ர மனுசன் கேதீஸ் விடியக் கோயிலுக்குப் போய், தகப்பனுக்கு ஐயர் சொன்னபடி எல்லாம் செய்து, எள்ளும் தண்ணியும் இறைச்சு, வீட்டை வந்து படத்துக்குக் கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டு எழும்பேக்கை போன் அடிக்குது. அவருக்கு வீட்டு ஹீற்றர் திருத்திற வேலை. ஆற்றையோ வீட்டிலை ஹீற்றர் நிண்டுபோச்சாம், கைக்குழந்தையோடை நடுங்கிக்கொண்டு இருக்கினமாம், போகாமல் என்ன செய்யிறது. போகேக்கை சொல்லிப்போட்டுப் போறார், "காகத்துக்கு நீ வை நளா, அம்மாவைச் சாப்பிடப் பண்ணு" எண்டு, என்னவோ காகமும் அம்மாவும் என்ர சொல்லுக் கேக்கிற ஆக்கள் மாதிரி. சமையல் முழுக்க மாமிதான். நேற்றே சொல்லிப்போட்டா, "நாளைக்கு நீ குசினிப் பக்கம் வரக்கூடாது, என்ர கையாலைதான் சமைப்பன்." நான் எயார்போட்டிலை பிளேனுக்குச் சாப்பாடு கட்டுற இடத்திலை வேலை, உலகத்துச் சனத்துக்கெல்லாம் சோறு கட்டி அனுப்புறன், என்ர குசினிக்குள்ளை எனக்கு இடமில்லை. சரி எண்டு தேங்காயை மட்டும் திருவிக் குடுத்துப்போட்டு விலகினன். படைக்கிற சாப்பாட்டை ஆரும் ருசி பாக்கக்கூடாது, உப்புப் புளி எல்லாம் கைக்கணக்குத்தான். எல்லாம் முடிஞ்சு நான் இலையைத் தூக்கிக்கொண்டு வெளியிலை போற நேரம் பாத்து மாமி வயித்திலை ஊசியைக் குத்திப்போட்டா. சாப்பாட்டுக்கு முந்திப் போடுற இன்சுலின். போட்டால் கையோடை சாப்பிடவேணும், டொக்டர் தலையாலை அடிச்சுச் சொன்னவர். "ஏன் மாமி இப்ப போட்டனீங்கள்?" எண்டு கேட்டால், "வைச்ச உடனை காகம் எடுக்கப்போகுது, பேந்தென்ன" எண்டுறா. வைச்ச உடனையாம். ஊரிலை அப்பிடித்தான், கிணத்துக் கட்டிலை சோத்தை வைக்கேக்கையே நாலு காகம் வந்து கையைக் கொத்தும், கலைச்சுக் கலைச்சு வைக்கவேணும். அந்தக் கணக்கிலை இஞ்சை ஊசி போட்டிருக்கிறா. இது ஸ்காபரோ, வெளியிலை மைனஸ் இருவது, மூக்குக்குள்ளை மயிர் உறையுது.

முதல்தரம் கொண்டுபோய் வைக்கேக்கை எனக்கு நல்ல நம்பிக்கை இருந்தது. பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஏனெண்டால் இந்தக் குளிர்காலம் தொடங்கின நாளிலை இருந்து பின்வளவிலை குருவியளுக்குச் சாப்பாடும் தண்ணியும் வைக்கிறவள் நான்தான். பக்கத்து வீட்டு டொரீன் கிழவி காட்டித் தந்த பழக்கம். சூரியகாந்தி விதை ஒரு தட்டிலை, தண்ணி பழைய இட்டலிச் சட்டி மூடியிலை. தண்ணி பட்டெண்டு உறைஞ்சுபோம், கேத்திலிலை கொதிச்ச தண்ணி கொஞ்சம் ஊத்தினால் ஐஸ் வட்டமாக் கழண்டு வரும், அதைத் தூக்கி எறிஞ்சுபோட்டு இளஞ்சூட்டுத் தண்ணி விடவேணும். ஆவி பறக்கும். ஆவியைக் கண்ட உடனை வேலிப் பத்தையுக்கை இருந்து வருங்கள் பாருங்கோ, கறுப்புத் தொப்பி போட்ட குட்டியள், சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமா நிலத்திலை தத்துறதுகள், சிவப்பு ஆம்பிளைக் குருவியும் அதின்ர மங்கல் பெஞ்சாதியும். தண்ணிக்கு அடிபடுங்கள். நான் கோப்பி கையிலை ஆறிப்போறதும் தெரியாமல் நிண்டு பாப்பன். மாமி சொல்லுவா, "உனக்கு விசர், மின்சாரத்தைச் செலவழிச்சுக் குருவிக்குச் சுடுதண்ணி வைக்கிறாய்." இண்டைக்கும் வந்ததுகள். இலைக்குக் கிட்ட வந்து ஒரு தொப்பிக்காரன் ஒரு சோத்துப் பருக்கையைத் தூக்கிக்கொண்டு ஓடினான், நான் கை தட்டிப்போட்டன். "மாமி, எடுத்திட்டுது." "அது காகமோ?" "இல்லை, ஆனால்." "அப்ப கதையாதை." பேந்து எனக்கே திடுக்கிட்டுது, டொரீன் முதல் நாளே சொன்னவ, உப்புச் சேர்ந்த ஒண்டும் குருவியளுக்குக் குடுக்கக்கூடாது, சின்ன உடம்பு தாங்காது எண்டு. ஓடிப்போய் விதையை வேலிப் பக்கமா அள்ளி எறிஞ்சன், எல்லாம் அங்காலை போச்சுதுகள். நல்லகாலம். இலை மட்டும் தனியக் கிடந்தது, ஓரமெல்லாம் அப்பளம் மாதிரி விறைச்சு, தொட நொருங்கிச்சுது.

உப்பு. அந்தச் சொல்லை நான் காலமை வாயிலை எடுத்திருக்கக்கூடாது. "மாமி, காகத்துக்கு எண்டு ஒரு பிடி உப்பில்லாமல் எடுத்து வைப்பமோ, பறவைக்கு உப்புக் கூடாதாம்" எண்டு சாதாரணமாத்தான் சொன்னன். மாமி அகப்பையோடை சடாரெண்டு திரும்பினா. "செத்தாப் பிறகும் அந்த மனுசனுக்கு உப்பில்லாச் சோறோ?" அவ்வளவுதான் கேட்டவ. மாமாவுக்கு நெஞ்சும் பழுது, சிறுநீரகமும் பழுது, உப்புத் தொடக்கூடாது எண்டு டொக்டர் சொன்ன நாளிலை இருந்து மாமி காவல். மூண்டு வருசம். ஊறுகாய்ப் போத்தலை எனக்கே தெரியாமல் ஒளிச்சவ. மோர்மிளகாய் இந்த வீட்டு வாசல்படி ஏறேல்லை. மாமா பகிடி விடுவார், "நளா, உன்ர மாமி என்னைச் சாகவும் விடுறா இல்லை, சாப்பிடவும் விடுறா இல்லை." சிரிச்சுக்கொண்டுதான் சொல்லுவார். கடைசியா ஆஸ்பத்திரியிலை சிரிக்கேல்லை. மாமி வீட்டிலை இருந்து கஞ்சி கொண்டுபோய்க் கரண்டியாலை ஊட்டப் போனவ, நான் கட்டில் கால்மாட்டிலை நிக்கிறன், மாமா கேட்டார், "ஒரு கல்லு உப்புப் போட்டுத் தாவன்." பிள்ளை கேக்கிற மாதிரிக் கேட்டார். மாமி, "நாளைக்கு டொக்டரைக் கேட்டுப்போட்டுப் போடுறன், இப்ப இதைக் குடியுங்கோ" எண்டா. மாமா வாயைத் திறக்கேல்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினவர்தான். மாமி கரண்டியைப் பிடிச்சபடி கனநேரம் நிண்டா, கஞ்சி ஆறி ஆடை பிடிச்சுது. நாளைக்கு எண்ட நாளிலை அவர் இல்லை. இந்த ஒரு வருசமும் மாமி அதைப் பற்றி ஒரு சொல்லுக் கதைச்சதில்லை, நானும் கேட்டதில்லை, ஆனால் அவ தன்ர சாப்பாட்டுக் கோப்பையிலை உப்புப் போடுறதை நான் காணேல்லை. இண்டைக்குத்தான் உப்புப் பேணியைத் திறந்தவ. திறந்து, கையை உள்ளை விட்டு, அள்ளினவ. அதாலைதான் காகம் வரவேணும். வராட்டில் மனுசன் இன்னும் சுவரைப் பாத்துக்கொண்டு கிடக்கிறார் எண்டுதான் அவ எடுப்பா.

சரி, நானும் மனுசிதானே, எனக்கு விளங்குது, ஆனால் ஊசிக்கு விளங்குமோ. இரண்டாந்தரம் இலையைத் தூக்கிக்கொண்டு உள்ளை வந்து, சோத்தை மைக்ரோவேவிலை சூடாக்கி, புது இலையிலை போட்டுத் திரும்ப வைச்சன். வெளியிலை போய்க் கத்திப் பாத்தன், கா கா எண்டு, முழுத் தொண்டையாலை, தெருவிலை நாயைக் கூட்டிக்கொண்டு போன ஒரு வெள்ளைக்காரன் நிண்டு பாத்துப்போட்டுக் கையைக் காட்டினான், நானும் கையைக் காட்டினன். மானம் மரியாதை எல்லாம் போனால் போகட்டும். உள்ளை வந்து மாமியின்ர விரலைக் குத்திப் பாத்தால் சீனி பாக்கிற மெசின் நாலு புள்ளி ரெண்டு எண்டுது, நாலுக்குக் கீழை போனால் ஆபத்து. ஊசி வேலை செய்யத் தொடங்கிட்டுது, இனி இறக்கம்தான். "மாமி, ஒரு மிடறு ஒறேஞ் யூஸ், சாப்பாடில்லைத்தானே, தண்ணி மாதிரித்தானே." "வாயிலை படுறது எல்லாம் சாப்பாடுதான்." "மயங்கி விழுந்தால்?" "விழுந்தால் தூக்கு." கேதீசுக்குப் போன் அடிச்சன், ஆற்றையோ வீட்டு நிலக்கீழ் அறைக்குள்ளை இருந்து கதைக்கிறார், பின்னாலை குழந்தை வீரிடுது. "அம்மாவிட்டைக் குடு" எண்டார், குடுத்தன். மாமி கேட்டா, "குழந்தைக்குச் சூடு வந்திட்டுதோ?" இன்னும் இல்லை எண்டிருப்பார் போலை. "அப்ப அதைப் பார்" எண்டுபோட்டுப் போனை என்ர கையிலை திணிச்சா. தாயும் மகனும் நல்ல சோடி. இன்னும் கொஞ்சம் பாத்துப்போட்டு அம்புலன்ஸ்தான், வேறை வழியில்லை, வந்து கேப்பாங்கள் ஏன் சாப்பிடேல்லை எண்டு, நான் என்னண்டு சொல்லுறது, காகம் வரேல்லை எண்டோ. எனக்கு ஒரு பக்கம் அழுகை முட்டுது, மற்றப் பக்கம் ஏனெண்டு தெரியாத ஒரு உசார், கிரிக்கெற்றிலை கடைசி ஓவர் பாக்கேக்கை வாறது மாதிரி. அப்பதான் போஸ்ட்டிலை அது வந்து குந்தினது.

இப்பவும் அங்கைதான் நிக்குது. மாமியின்ர நெத்தியிலை முத்து முத்தா வேர்வை. கதவுக்குப் பக்கத்திலை கதிரையை இழுத்துப் போட்டு இருத்திப்போட்டன், இருந்தபடி கண்ணாடிக்குள்ளாலை பாக்கிறா, உதடு வெளிறிப்போச்சு, சீனி இறங்கித் தடுமாறி, என்ர பேரைச் சொல்லுறதுக்குப் பதிலா தன்ர மகளின்ர, என்ர மச்சாளின்ர பேரைச் சொல்லுறா. கையிலை அகப்பட்ட ஜக்கெற்றை மாட்டிக்கொண்டு, பானைக்குள்ளை இருந்து கொதிக்கக் கொதிக்க இன்னொரு அகப்பை சோறும் கறியும் அள்ளிக்கொண்டு, மூண்டாந்தரம் வெளியிலை. மெல்லமா நளா, மெல்லமா, ஓடினால் பறந்திடும். ஸ்நோ காலுக்குக் கீழை நறநறக்குது. சோத்தை இலையிலை கொட்ட ஆவி குப்பெண்டு எழும்புது, பாலும் வெந்தயமும் கறிவேப்பிலையும் மணக்குது, இந்தக் குளிருக்கை அந்த மணம் முகத்திலை வந்து அடிக்க எனக்கு வயிறு சுருண்டு எழும்புது, நானும் காலமையிலை இருந்து வெறுந்தேத்தண்ணிதான். காகம் போஸ்ட்டிலையே ஒரு அடி தள்ளிக் குந்துது. பாக்குது. ஒரு சிறகை விரிச்சு மடிக்குது. இதோ, இதோ, வருது, இல்லை, திரும்பக் குந்திட்டுது. "இறங்கு" எண்டன். "மாமா, இறங்குங்கோ. உப்புப் போட்டிருக்கு. அவ போட்டவ. நான் கண்டனான், கை நிறையப் போட்டவ. உள்ளை அந்த மனுசி விழப்போகுது, நீங்கள் இப்ப கோவிச்சுக்கொண்டு இருக்கிற நேரமோ?" காகம் அலகைக் கம்பியிலை தீட்டுது. எனக்கு வந்துது பார் ஒரு கோவம். என்ர மகள் சின்னனிலை வாயை இறுக்கிக்கொண்டு இருப்பாள், அவளுக்கு ஊட்டுற விளையாட்டு ஒண்டு இருக்கு, எல்லாத் தாய்மாருக்கும் தெரியும், உனக்கில்லை, இது எனக்கு, அம்மா சாப்பிடப்போறன், ஆ, எண்டு சொல்லிக் கொண்டுபோய்த் தன்ர வாயிலை வைக்கிறது. பிள்ளை தாவி வந்து பறிக்கும். "உங்களுக்கு இல்லை, சரியோ, நான் சாப்பிடப்போறன்" எண்டன். ஸ்நோவிலை முழங்காலிலை இருந்து, குனிஞ்சு, இலையிலை இருந்து ஒரு பிடி அள்ளி வாயிலை வைச்சன். காகம் பறிக்க வரேல்லை. ஆனால் என்ர வாய் நிக்கேல்லை. சூடு நாக்கிலை பட்டுது, உப்பு ஓடிப்போய் உச்சியிலை அடிச்சுது, நான் இரண்டாம் பிடி அள்ளினன், மூண்டாம் பிடி அள்ளினன், கத்தரிக்காயைக் காம்போடை சப்பினன், மூக்காலை ஓடுது, கண்ணாலை ஓடுது, சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறன், படையலை, திவசப் படையலை, வீட்டு மருமகள் காகத்துக்கு முந்தி.

பின்னாலை கதவு இழுபடுற சத்தம் கேட்டுது. திரும்பினால் மாமி. செருப்பும் இல்லை, போர்வையும் இல்லை, கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறா. இனி என்ன, துலைஞ்சன் எண்டு நினைச்சன். ஒரு வருசமா அந்த மனுசி காத்திருந்த நாளை நான் தின்னுபோட்டன். மாமி என்ர கறுப்பு ஜக்கெற்றைப் பாக்கிறா, இலையைப் பாக்கிறா, என்ர கையைப் பாக்கிறா. "எடுத்திட்டார்" எண்டா. நான் போஸ்ட்டைப் பாத்தன். காகம் அசையாமல் அதிலையேதான் நிக்குது. இல்லை மாமி, அது நான் எண்டு சொல்ல வாயைத் திறந்தால் வாய் நிறையச் சோறு. "எடுத்திட்டார் பிள்ளை, நான் கண்டனான், அள்ளி அள்ளி எடுத்தவர்" எண்டா மாமி. இந்தமுறை மச்சாளின்ர பேரைச் சொல்லேல்லை, என்னைப் பாத்துத்தான் சொன்னவ, நல்லாத் தெரிஞ்சுதான் சொன்னவ. நான் சோத்தை விழுங்கிப்போட்டு ஓடிப்போய் அவவைக் கையிலை பிடிச்சு உள்ளை கொண்டுவந்து கதிரையிலை இருத்தினன். முதல் யூஸைக் குடுத்தன், மறுக்காமல் குடிச்சு முடிச்சா. பேந்து கோப்பையை மடியிலை வைச்சுச் சோறு போட்டன். மாமி கையை வைக்கேல்லை. நிமிர்ந்து என்னைப் பாத்தா. இந்த வீட்டிலை நான் வந்த காலத்திலை இருந்து என்ர சமையலுக்கு ஒவ்வொரு நாளும் தீர்ப்புச் சொன்ன மனுசி, என்னட்டைக் கேட்டா. "உப்பு எப்பிடி?"

பொய் சொல்லியிருக்கலாம். அளவா இருக்கு எண்டு சொல்லியிருக்கலாம், ஆனால் என்ர உதடு இன்னும் எரிஞ்சுகொண்டு கிடந்தது.

"கூடிப்போச்சு மாமி. நல்லாக் கூடிப்போச்சு."

மாமி தலையை ஆட்டினா. கண்ணிலை இருந்து வழிஞ்சது நாடியிலை நிண்டு கோப்பைக்குள்ளை விழுந்துது, அவ துடைக்கேல்லை.

"கூடட்டும்" எண்டா, முதல் பிடியை அள்ளிக்கொண்டு. "மூண்டு வருசத்து உப்பெல்லே."